பிள்ளை எத்தனை தடவை சொல்ல வேண்டும்? திருகோணமலையில் சிறுவர் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தீங்கு நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை முதலில் அம்மம்மாவிடம் சொல்லும். குவைத்தில் வேலை செய்யும் தாயைப் போனில் எடுத்து, அம்மம்மா திரும்பவும் சொல்ல வைப்பார். அடுத்த நாள் வகுப்பாசிரியர் கேட்பார், அதிபர் கேட்பார், கிராம உத்தியோகத்தர் கேட்பார். தகவல் கிடைத்துப் போகும் தொண்டு நிறுவனக்காரர் கேட்பார். பிரதேச செயலகத்தில் கேட்பார்கள். பிறகு பொலிஸ், சட்ட வைத்திய அதிகாரி, நீதவான் நீதிமன்றம், சில ஆண்டுகள் கழித்து மேல் நீதிமன்றம். எண்ணினால் பதினொன்று. சட்டத்துக்குத் தேவைப்படுபவை கடைசியில் நிற்கும் நாலும்தான். மற்ற ஏழும் பெரியவர்களின் பதற்றத்தாலும் அக்கறையாலும் நடப்பவை.

ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு ஒன்று நடக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னதை நம்பவில்லை என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். கேட்பவருக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கும். "இரவா, பின்னேரமா?" என்று ஒருவர் கேட்டதற்கு ஒரு பதிலும், இன்னொருவர் கேட்டதற்கு வேறு பதிலும் வரும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வேறுபாட்டைத்தான் மேல் நீதிமன்றத்தில் முரண்பாடு என்று எடுத்துக்காட்டுவார். ஆகவே இந்த வேலைக்கு வருகிறவர் பழகவேண்டிய முதல் திறமை, அந்தப் பதினொன்றைக் குறைப்பது. கீழே சொல்வது எல்லாம் அதற்காகத்தான்.

முதல் வாரம்: வெளிக்களத்துக்குப் போக முன்னர்

நிறுவனத்தின் சிறுவர் பாதுகாப்புக் கொள்கையை வாசித்து ஒப்பமிடச் சொல்வார்கள். ஒப்பமிட முன்னர் ஒவ்வொரு விதிக்கும் காரணம் கேளுங்கள். பிள்ளையோடு கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. சொந்தப் போன் இலக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் முகம் தெரியும் படத்தைச் சொந்தப் போனில் வைத்திருக்கக் கூடாது. தனிப்பட்ட முறையில் காசோ இனிப்போ கொடுக்கக் கூடாது. இவை நம்மைச் சந்தேகப்பட்டு எழுதியவை என்று புதியவர்கள் சிலர் மனம் நோவார்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் நெருங்கும் வழிகளை எடுத்துப் பாருங்கள்: இனிப்பு, சைக்கிள் சவாரி, "இது உனக்கும் எனக்கும் மட்டும்" என்ற இரகசியம். நாமும் அதையே நல்ல மனதோடு செய்தால், பெரியவர்கள் இப்படித்தான் பழகுவார்கள் என்று பிள்ளைக்குப் பழக்கிக் கொடுத்தவர்களாவோம். அடுத்து வருபவருக்கு அது வழி திறந்து வைக்கும்.

அதே வாரத்தில் அலுவலகங்களுக்கு நேரில் போய் முகம் காட்டுங்கள். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன: பட்டணமும் சூழலும், குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல், சேருவில, கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர. உங்களுக்கு ஒதுக்கிய பிரிவில் யார் யார் என்பதைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். எல்லோரையும் "சிறுவர் ஓபீஸ் ஆட்கள்" என்று ஊரில் ஒரே பெயரால் சொல்வார்கள். புதியவர்களும் அப்படியே நினைத்துத் தவறான கதவைத் தட்டி ஒரு நாளை இழப்பார்கள்.

பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். சிறுவர் கழகங்கள், கிராம மட்டக் குழுக்கள், பாடசாலை இடைவிலகல் எல்லாம் அவர் கையில். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தைச் சேர்ந்தவர். நீதிமன்றத்தோடு வேலை செய்பவர் அவர்தான்; பிள்ளை எங்கே தங்க வேண்டும் என்று நீதவான் தீர்மானிக்கும்போது அவருடைய அறிக்கையைத்தான் பார்ப்பார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் மாவட்ட உத்தியோகத்தர் மாவட்டச் செயலகத்தில் இருப்பார், சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு வரும் முறைப்பாடுகள் அவரிடம் இறங்கும். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பிரிவு தனியாக இருக்கிறது. வைத்தியசாலையில், பிள்ளையைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதும் சட்ட வைத்திய அதிகாரி. வலயக் கல்வி அலுவலகத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பானவர்.

இவர்களின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, பையில் ஒன்று, அலுவலகச் சுவரில் ஒன்று வையுங்கள். இடமாற்றம் அடிக்கடி வரும். மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எடுத்துச் சரிபாருங்கள். தாளின் மேற்பகுதியில் பொது இலக்கங்கள்: சிறுவர் உதவிக்கு 1929, சிறுவர் மகளிர் தொடர்பான பொலிஸ் முறைப்பாட்டுக்கு 109, பொலிஸ் அவசரத்துக்கு 119, அம்புலன்சுக்கு 1990, மனநல உதவிக்கு 1926. 1929 கட்டணம் இல்லாதது, 24 மணிநேரமும் இயங்குவது, தமிழில் பேசலாம், அழைப்பவர் தன் பெயரைச் சொல்லாமலும் தகவல் தரலாம்.

முகம் காட்டுவதை மரியாதைக்கான சடங்காக நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் பெரும்பாலும் சிக்கல் வரும். உங்களை ஏற்கனவே கண்ட உத்தியோகத்தர் அந்த நேரத்தில் போனை எடுப்பார்.

இன்னொன்று மொழி. சேருவில, கந்தளாய், மொறவெவ போன்ற பிரிவுகளுக்குச் சிங்களம் தெரிந்தவர் ஒருவர் கூடவே வர வேண்டும். பிள்ளையின் அண்ணனையோ பக்கத்து வீட்டு அக்காவையோ மொழிபெயர்க்க வைத்தால், பிள்ளை சொல்வதில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

பிள்ளை பேசத் தொடங்கும்போது

பெரும்பாலும் அறிவிப்பு இல்லாமல்தான் வரும். சிறுவர் கழகம் முடிந்து பாய் சுருட்டும்போது, தண்ணீர்ப் போத்தலைத் திருப்பித் தரும்போது, ஒரு வரி வரும்: "ரீச்சர், நான் இனி ரியூசனுக்குப் போகமாட்டன்." அந்த இடத்தில் உங்கள் முகம்தான் முதலில் பதில் சொல்லும். கண்ணை அகல விரித்து "ஐயோ!" என்றால் பிள்ளை வாயை மூடிவிடும்.

எல்லோரும் பார்க்கக்கூடிய, ஆனால் காதில் விழாத இடத்துக்குப் போங்கள். மரத்தடி, வராந்தாவின் மூலை, கதவு திறந்த வகுப்பறை. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்துகொண்டு பேசாதீர்கள். பக்கவாட்டில், பிள்ளையின் உயரத்தில் இருங்கள். தொடாதீர்கள், அழுதால் தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

கேட்பதற்கு ஒரு வாக்கியம் போதும்: "என்ன நடந்தது எண்டு நீங்கள் சொல்ல விரும்பினதைச் சொல்லுங்கோ." பிறகு மௌனம். மௌனம் நீண்டால் புதியவருக்குக் கை கால் பதறும், அந்தப் பதற்றத்தில்தான் "அவர் உங்களை இப்பிடிச் செய்தவரா?" என்று பதிலையே கேள்விக்குள் வைத்துக் கேட்டுவிடுவோம். அந்த ஒரு கேள்வி பின்னர் வழக்கைக் கெடுக்கும். "ஏன் முந்தியே சொல்லேல்லை?", "ஏன் அங்க போனனீங்கள்?" என்ற கேள்விகளும் வேண்டாம். 'ஏன்' வந்தவுடன் பிள்ளை தன்னைக் குற்றவாளிக் கூண்டில் பார்க்கும்.

நீங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை நாலே நாலு: என்ன (பிள்ளையின் சொல்லில்), யார், கடைசியாக எப்போது, அந்த ஆள் இன்று இரவு பிள்ளை இருக்கும் வீட்டில் இருப்பாரா. நாலும் கிடைத்தவுடன் நிறுத்துங்கள். மிச்சத்தை விசாரிக்கப் பொறுப்புள்ளவர்கள் இருக்கிறார்கள்.

'யார்' என்ற இடத்தில் நம் மொழியே ஒரு பொறி வைத்திருக்கிறது. பிள்ளை "மாமா" என்று சொல்லும். தாயின் சகோதரன் மாமா. அத்தையின் கணவர் மாமா. பக்கத்து வீட்டுக்காரர் மாமா, கடைக்காரர் மாமா, வான் ஓட்டுபவர் மாமா, நேற்று வந்த அறிமுகமில்லாதவரும் மாமா. தாய்மாமன் என்று நீங்களாக எடுத்து எழுதிவிட்டால், ஒரு குற்றமற்ற மனிதர் மேல் பழி விழும், செய்தவர் வெளியே நிற்பார். "அண்ணா"வும் அப்படியே. கிண்ணியா, தோப்பூர்ப் பக்கம் "நானா", "சாச்சா" என்று வரும். அங்கேயும் இரத்த உறவா, ஊர் உறவா என்பது சொல்லை வைத்துத் தெரியாது. "எந்த மாமா? அவரைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். "பெரியப்பா வீட்டுக்குப் பின்னால இருக்கிற, நீலக் கலர் ஆட்டோ வைச்சிருக்கிற மாமா" என்று பிள்ளையே காட்டித் தரும். நீங்கள் பெயர் ஒன்றைச் சொல்லி "அவரா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

'என்ன' என்ற இடத்திலும் இதே கவனம் வேண்டும். பிள்ளைகளிடம் 'துஷ்பிரயோகம்' என்ற சொல் இல்லை. "சேட்டை விட்டவர்", "ஒரு மாதிரிச் செய்தவர்", "கூடாத விளையாட்டு", "வயித்துக்குக் கீழ" என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லைத் திருத்த வேண்டாம், நாகரிகப்படுத்த வேண்டாம்.

இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சொல்லிவிட்டு அன்று பின்னேரமே பொலிசோடு போய் நின்றால், அந்தப் பிள்ளை வாழ்நாளில் இன்னொரு பெரியவரை நம்பாது. சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "நீங்கள் சொன்னது நல்லம். நான் நம்புறன். இதில உங்களில பிழை இல்லை. உங்களைப் பாதுகாக்கிற ஆக்களுக்கு மட்டும் நான் சொல்ல வேணும். யாருக்குச் சொல்லப் போறன் எண்டு உங்களுக்கும் சொல்லுவன்." பிறகு அதைச் செய்யுங்கள்.

ஒரு மணிநேரத்துக்குள் எழுதும் குறிப்பு

கேட்டு முடிந்து ஒரு மணிநேரத்துக்குள் எழுதுங்கள். பிள்ளைக்கு முன்னால் கொப்பியைத் திறக்க வேண்டாம். பேனையால் எழுதுங்கள், பிழைத்தால் ஒரு கோடு மட்டும் போட்டு வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். வெள்ளை மை பூசிய குறிப்பை நீதிமன்றத்தில் எவரும் நம்பமாட்டார்கள். திகதி, நேரம், இடம், அருகில் யார் இருந்தார்கள், நீங்கள் கேட்ட கேள்வி சொல்லுக்குச் சொல், பிள்ளையின் பதில் சொல்லுக்குச் சொல். நீங்கள் கண்டதைத் தனியாக எழுதுங்கள்: இடது முழங்கையில் காயம், இரண்டு விரல் அகலம். நீங்கள் நினைப்பதை அந்தத் தாளில் எழுதவே வேண்டாம்.

வேறுபாடு விளங்க இரண்டு வரி. கூடாத குறிப்பு: "சிறுமி உறவினரால் நீண்டகாலமாகப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாக்கப்பட்டு மனமுடைந்த நிலையில் காணப்பட்டார்." இதில் பிள்ளை பேசிய ஒரு சொல்கூட இல்லை, 'உறவினர்' யார், 'நீண்டகாலம்' எவ்வளவு என்பதும் இல்லை. பயன்படும் குறிப்பு: "நான் கேட்டது: என்ன நடந்தது? பிள்ளை சொன்னது: 'நீல ஆட்டோ மாமா சேட்டை விட்டவர். கோயில் கொடியேறின அண்டைக்கு. முந்தியும் ஒருக்கா.' சொல்லும்போது நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார், இரண்டு தடவை வாசலைப் பார்த்தார்." 'கொடியேறின அண்டைக்கு' என்பதைத் திகதியாக மாற்றி எழுதாதீர்கள். பிள்ளைகள் காலத்தைத் திருவிழாவாலும் நோன்பாலும் தவணைப் பரீட்சையாலும்தான் அளப்பார்கள். திகதி பார்ப்பது பொலிசின் வேலை.

இந்தத் தாள்தான் பதினொன்றைக் குறைக்கும் கருவி. அதிபர் பிள்ளையைக் கூப்பிடப் போகும்போது, "சேர், பிள்ளை சொன்னது பதிவாகி இருக்கு, திரும்பக் கேட்க வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் வருவது தாள் கையில் இருப்பதால்தான். அதிபருக்கு விவரம் தேவையில்லை. பிள்ளை பாதுகாப்பாக வந்து போக வேண்டும் என்பது மட்டும் போதும். தாளை வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். பெயருக்குப் பதில் கோப்பு இலக்கம் போட்டு, பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியலை வேறு பூட்டில் வையுங்கள். திருகோணமலை சின்ன ஊர். தந்தையின் தொழிலும் ஒழுங்கையின் பெயரும் தெரிந்தாலே பிள்ளை யார் என்று தெரிந்துவிடும்.

அதே நாளில்

முதலில் இன்று இரவு. அந்த ஆள் வீட்டில் இருக்கிறார் என்றால் 1929க்கோ பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவுக்கோ உடனே தகவல் போக வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். நாளைக் காலை வரை காத்திருப்போம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். சந்தேகிக்கப்படுபவரிடம் போய் நீங்கள் பேசவே கூடாது. எச்சரிக்கப் போன இடத்தில் உடுப்புகள் கழுவப்பட்டதும், ஆள் ஊரை விட்டுப் போனதும், பிள்ளை மிரட்டப்பட்டதும் நடக்கும்.

சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் வைத்தியசாலை முந்தும். நேரே கொண்டு போகலாம். பொலிசில் முறைப்பாடு எழுதிய பிறகுதான் போக வேண்டும் என்று இல்லை. வைத்தியசாலையிலிருந்தே பொலிசுக்கு அறிவிப்பார்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணிநேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. பூப்படைந்த பிள்ளைக்குக் கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரை 120 மணிநேரம் வரை கொடுக்கலாம்; அதுவும் பிந்தப் பிந்தப் பலன் குறையும். வெருகலில் இருந்தோ புல்மோட்டையில் இருந்தோ புறப்படும்போது இந்த மணிக்கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வாகனம் பிடியுங்கள்.

குளிக்க வார்க்க வேண்டாம், உடுப்பை மாற்ற வேண்டாம் என்று தாயிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் கெட்டது நடந்தால் முதலில் தலைக்கு வார்ப்பார்கள். அன்பால் செய்வது, ஆனால் தடயம் அதோடு போய்விடும். உடுப்பு ஏற்கனவே மாற்றியிருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசிப் பையில் போடுங்கள். பேக்கரியில் தரும் பாவிக்காத கடதாசிப் பை போதும். பொலித்தீன் பை வேண்டாம். அதற்குள் ஈரம் வேர்த்து, பூஞ்சணம் பிடித்து, தடயம் அழியும். ஏற்கனவே குளித்திருந்தாலும், மாதங்கள் ஆகியிருந்தாலும் கொண்டு போங்கள். காயம் இல்லாததால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகாது; அதை அறிக்கையில் எழுதத் தெரிந்தவர் சட்ட வைத்திய அதிகாரி.

கூடப் போகும் பையில்: பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, கிளினிக் கொப்பி, இரண்டு சோடி உடுப்பு, பால்மா அல்லது பிஸ்கட், பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொருள். வார்டில் நிற்க வேண்டி வரலாம். கூட நிற்பவர் பிள்ளை தெரிந்தெடுத்தவராக இருக்கட்டும். தாய்தான் நிற்க வேண்டும் என்று நாம் தீர்மானிக்கக் கூடாது; சில வேளை பிள்ளை அம்மம்மாவைத்தான் கேட்கும், மூத்தும்மாவைத்தான் கேட்கும்.

பொலிசில் வாக்குமூலம் பிள்ளை பேசும் மொழியில் எழுதப்பட வேண்டும். தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அந்த நேரம் இல்லாவிட்டால் ஒருவரைக் கேளுங்கள், காத்திருங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே ஒப்பம். முறைப்பாட்டு இலக்கம், புத்தகத்தின் பக்கம், திகதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் பிறகு எந்த அலுவலகத்திலும் கோப்பைத் தேட முடியாது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வசதிக்கு ஒழுங்கு செய்ய முடியுமா என்று மாவட்டச் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் முதல் நாளே கேளுங்கள்.

ஊர் 'பேசித் தீர்க்க' வரும்போது

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வழக்குகள் நீதிமன்றத்தில் தோற்பதைவிட, ஊருக்குள் முதல் வாரத்திலேயே கரைந்து போவதுதான் அதிகம்.

மூன்றாம் நாள் அளவில் பெரியவர்கள் வருவார்கள். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், மீனவர் சங்கத் தலைவர், தூரத்து உறவு. "பொம்பிளைப் பிள்ளையின்ர வாழ்க்கை", "மானம்", "அவனும் குடும்பக்காரன்" என்பார்கள். சில இடங்களில் ஒரு தொகை சொல்லப்படும். பிள்ளைக்குப் பதினான்கு பதினைந்து வயதென்றால், "செய்து வைப்பம்" என்று கல்யாணப் பேச்சே வரும். தாய் தளர்ந்துபோவார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். அரிசி தருபவரும் வள்ளத்தில் வேலை தருபவரும் அதே ஆட்கள்தான்.

நீங்கள் அங்கே சண்டை பிடிக்கப் போக வேண்டாம். மூன்று விஷயத்தை அமைதியாக, ஒரே சொல்லில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஒன்று: 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுப்பதில்லை, "விரும்பித்தானே போனவள்" என்பது பதில் ஆகாது. இரண்டு: பொதுச் சட்டப்படி திருமண வயது 1995 முதல் 18. முஸ்லிம் விவாகங்கள் 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அந்தக் குடும்பங்களோடு பேசும்போது சட்டத்தரணி ஒருவரையும் ஊர் மதிக்கும் பெண் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களாகச் சட்டம் பேசி ஊரைப் பகைக்காதீர்கள். மூன்று: இது, சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபையில் முடிக்கக்கூடிய பிணக்கு இல்லை.

வந்த பெரியவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். இது அனுபவத்தில் பலன் தரும் வழி. "ஐயா, பிள்ளையைப் பற்றி ஒழுங்கையில ஒருத்தரும் கதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ. பள்ளிக்கூடம் போய்வர வழியில ஒருத்தரும் மறிக்காமல் இருக்க வேணும். உங்கட சொல்லுக்குத்தான் கேப்பினம்." மரியாதையோடு கேட்டால் பலர் செய்வார்கள். ஊரின் வாயை அடக்குவது நம்மால் ஆகாத காரியம், அவர்களால் ஆகும்.

பிள்ளை எங்கே தங்குவது

சிறுவர் இல்லம் கடைசி வழி. பழைய வழக்கத்தில் அதுவே முதல் வழியாக இருந்தது. குற்றம் செய்தவர் வீட்டில் இருக்க, பிள்ளை வீட்டையும் பாடசாலையையும் சிநேகிதிகளையும் விட்டுப் போகும். "நான்தானே தண்டனை அனுபவிக்கிறன்" என்று பிள்ளை நினைப்பதில் என்ன பிழை? ஆகவே நன்னடத்தை உத்தியோகத்தரிடம் போக முன்னர் உறவுகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள். பெரியம்மா, சித்தி, அம்மம்மா, அப்பம்மா: யார் வீடு, எத்தனை அறை, வீட்டில் ஆண்கள் யார், பாடசாலை எவ்வளவு தூரம், செலவுக்கு வழி என்ன. பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். தாய் வெளிநாட்டில் என்றால் அவரோடு நீங்களே பேசுங்கள். அம்மம்மா சொல்லும் செய்தி அங்கே போகும்போது பாதி அழுகையும் பாதி கோபமுமாகப் போகும்.

நடக்க முன்னர் தடுப்பது

நாட்கணக்கில் பார்த்தால் நம் வேலையில் பெரும்பகுதி இதுதான். தாய்மார் கூட்டத்தை நேரம் பார்த்து வையுங்கள்: கரைவலைக் கிராமத்தில் மீன் விற்று முடிந்த பிறகு, வயல் பக்கம் அறுவடைக் காலம் தவிர்த்து, கிண்ணியாவில் வெள்ளி மதியம் தவிர்த்து. தந்தைமாரைக் கூட்டத்துக்கு அழைத்தால் வரமாட்டார்கள். வலை பின்னும் இடத்துக்குப் போய் இருபது நிமிடம் பேசுங்கள்.

பெற்றோரிடம் முதலில் உடைக்க வேண்டியது 'அறிமுகமில்லாதவன் தூக்கிக்கொண்டு போவான்' என்ற பயத்தை. தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர், வீட்டார் நம்புபவர். அதைச் சொன்னால் கூட்டம் ஒரு நிமிடம் அமைதியாகும். அந்த அமைதியில் கேளுங்கள்: உங்கள் பிள்ளை யாருடைய வீட்டுக்குப் போக முன்னர் முகம் மாறுது? உங்கள் போனைப் பிள்ளை பாவிக்கும்போது யார் செய்தி அனுப்புறது? ரியூசன் வகுப்பில் கதவு திறந்திருக்கா? "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று பிள்ளை விரும்பாதபோதும் தள்ளிவிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். பெரியவர் கேட்டால் உடம்பைக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை படிப்பது அங்கேதான்.

பிள்ளைகளோடு ஒரு தடவைக்கு 15, 20 பேருக்கு மேல் வேண்டாம்; 40 நிமிடம் போதும். கையைத் தாளில் வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் தான் சொல்லக்கூடிய ஒரு பெரியவரின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஐந்து விரலும் ஒரே வீட்டார் என்றால், வெளியிலிருந்து ஒருவரைத் தேட உதவுங்கள். விரல்கள் வெறுமையாக இருக்கும் தாளைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த வாரம் போக வேண்டும். "வேண்டாம் எண்டு சொல்லு, கத்து, ஓடு" என்பதை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு வராதீர்கள். கத்த முடியாமல் போன பிள்ளை, பிழை தன்மேல் என்று நினைக்கும். "கத்தேல்லை எண்டாலும், கன நாளைக்குப் பிறகு எண்டாலும் சொல்லலாம்" என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

பாடசாலைகளில் அடி பற்றிப் பேசாமல் வர முடியாது. உடல் தண்டனையைத் தடை செய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், அதிபர் அறையில் இருக்க வேண்டியது. பிரதி ஒன்று கையில் வைத்துக்கொண்டு போங்கள். குற்றம் சாட்டும் குரலில் நீட்டாதீர்கள். 45 பிள்ளைகளை ஒரு வகுப்பில் வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியருக்குப் பிரம்புக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று காட்டித்தான் பேச வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளிக் கரையில் ஏப்ரல் கடைசி தொடக்கம் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகளின் பருவம். பருவம் தொடங்க முன்னர், மார்ச்சிலேயே, விடுதி நடத்துபவர்களையும் ஆட்டோ ஓட்டுபவர்களையும் படகுக்காரரையும் சந்தியுங்கள். தன் பொறுப்பில் உள்ள இடத்தில் சிறுவர் துஷ்பிரயோகம் நடப்பது தெரிந்தும் பொலிசுக்கு அறிவிக்காமல் இருப்பது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம் என்று விடுதிக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆட்டோக்காரர்கள்தான் கரையின் கண்கள். 1929 ஒட்டியைக் கண்ணாடியில் ஒட்டச் சம்மதிப்பவர்கள் நிறையப் பேர்.

நீண்ட காத்திருப்பு

விசாரணையைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிவிக்கும் 'பி' அறிக்கையைப் பொலிஸ் நீதவானிடம் வைக்கும். விசாரணைக் கோப்பு சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கொழும்பு போகும். குற்றப்பத்திரம் மேல் நீதிமன்றத்துக்கு வர ஆண்டுகள் ஆகலாம் என்பதை முதல் மாதமே குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள். "கெதியா முடியும்" என்று ஆறுதலுக்குச் சொன்னவர்களைத்தான் பிறகு குடும்பம் நம்பாமல் போகிறது. மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் போன் எடுங்கள். வழக்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். படிப்பு, சாப்பாடு, நித்திரை. வீட்டுக்குப் போவதானால் நிறுவனப் பெயர் எழுதிய வாகனத்தை ஒழுங்கைக்குள் கொண்டு போகாதீர்கள். மிரட்டல் வந்தால், பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கேட்கலாம். மிரட்டிய நாள், நேரம், சொல் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தால்தான் விண்ணப்பம் நிற்கும்.

கேட்பவருக்கும் நித்திரை கெடும். வாரத்தில் ஒரு மணிநேரம் மேற்பார்வையாளரோடு இருந்து பேசுவது உங்கள் உரிமை, வேலையின் ஒரு பகுதி. பெயர் சொல்லாமல் வீட்டில் பேசுவதுகூட இந்தச் சின்ன ஊரில் பாதுகாப்பில்லை.

அழைப்பாணை வரும்போது பத்து வயதாக இருந்த பிள்ளைக்குப் பதினைந்தாகியிருக்கும். திகதியைப் பார்த்தவுடன் பரீட்சை அட்டவணையைப் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சையோடு மோதினால், அரச சட்டத்தரணிக்கு உரிய நேரத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். வழக்குத் திகதிக்கு முந்திய வாரம் நீதிமன்றம் கூடாத நேரத்தில் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கட்டடத்தைக் காட்ட அனுமதி கேளுங்கள்: எந்த வாசல், சாட்சிக் கூண்டு எங்கே, நீதிபதி எங்கே, மலசலகூடம் எங்கே. என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்காதீர்கள். "விளங்கேல்லை எண்டால் விளங்கேல்லை எண்டு சொல்லலாம், மறந்திருந்தால் மறந்துட்டன் எண்டு சொல்லலாம்" என்பது மட்டும். வழக்கு நாளில், குற்றம் சாட்டப்பட்டவரின் ஆட்கள் நிற்கும் வராந்தாவில் பிள்ளையை நிறுத்த வேண்டாம். வேறு இடத்தில் இருக்க ஒழுங்கு செய்யுமாறு பொலிசிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். வழக்கு ஒத்திவைக்கப்பட்டால், அடுத்த திகதியை நீதிமன்ற வாசலிலேயே எழுதி, ஒரு பிரதியைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையை நேரே வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.